கோண்டாவில்காரர் இருவரும் ஒரு ஸ்கோப்பும்

"ஊரிலை எவடம் அண்ணை?"

கேட்டவர் கைத்தொலைபேசி திருத்தும் கடைக்காரர். இடம் கிழக்கு லண்டன், அப்டன் பார்க். வெளியே தூறிக்கொண்டிருந்தது. கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நானும் என் மகள் ஆரணியும். நடுவில், பழைய துவாய் ஒன்றின் மேல், கறுப்பாக ஒரு குழாய் கிடந்தது. ரைபிள் துவக்கின் மேல் பூட்டிக் குறிபார்க்கிற ஸ்கோப்.

யாழ்ப்பாணத்து ஆள் இன்னொரு யாழ்ப்பாணத்து ஆளைக் கண்டால் கேட்கிற முதல் கேள்வி இது. சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். ஆனால் பதிலை வைத்து நீ யார், உன் சொந்தக்காரர் யார், போர்க் காலத்தில் எந்தப் பக்கம் நின்ற ஆட்கள் என்று எல்லாவற்றையும் பிடித்துவிடுவார்கள். துவக்குச் சாமான் விற்கிற முன்பின் தெரியாத ஒருவருக்கு நான் ஏன் என் ஊரைச் சொல்ல வேண்டும்?

"கோண்டாவில்" என்றேன்.

வாயில் வந்த ஊர் அது. எனக்கும் கோண்டாவிலுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

"அட, நானும் கோண்டாவில்தான்" என்றார் அவர். சொல்லும்போது கண் வேறெங்கோ போனது.

"அப்பிடியோ? கோண்டாவில்லை எவடம்?"

"ஸ்டேசனடி. நீங்கள்?"

"டிப்போவடி."

கோண்டாவிலில் ஒரு ரயில் ஸ்டேசனும் ஒரு பஸ் டிப்போவும் இருப்பது யாழ்ப்பாணத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். அதற்கு மேல் இரண்டு பேருமே ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டேசனடி ஆளும் டிப்போவடி ஆளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தபடி நின்றோம். இந்த ஆள் பொய் சொல்லுகிறான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆரணி என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சந்தேகத்துக்குச் சம்பளம்

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. எனக்கு மேற்கு லண்டன் ஹவுன்ஸ்லோவில் வீடு, விமான நிலையத்தில் வேலை. பயணிகளின் பைகள் இயந்திரத்துக்குள் போகும்போது அதன் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் நான். சுருக்கமாகச் சொன்னால், சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன்.

ஊருக்குப் போய் வருகிற எங்கள் சனம் வறுத்த மாவையும் பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாவையும் பொதி பொதியாகக் கட்டிக் கொண்டுவரும். கூட வேலை செய்கிற வெள்ளைக்காரர்கள் அதைக் கண்டு மிரண்டு போய் என்னைக் கூப்பிடுவார்கள். "இது சாப்பாட்டு மா, விடு" என்று சொல்லுவேன் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். நான் சொல்ல மாட்டேன். "அவிழ்த்துப் பார்" என்பேன். என் சனத்தின் புட்டு மாவையே நம்பாதவன் நான்.

வீட்டிலும் இதே கதைதான். பால் வாங்கினால் திகதியை இரண்டு தரம் பார்ப்பேன். கவுன்சிலில் இருந்து ஆள் வந்தால் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே கதைப்பேன். என் மனைவி வதனி, "உங்களைக் கட்டின நாளிலையிருந்து நான் ஸ்கேனுக்குள்ளதான் இருக்கிறன்" என்று சொல்லிச் சிரிப்பாள். சில நாட்களில் சிரிக்காமலும் சொல்லுவாள்.

இப்படிப்பட்டவன் வீட்டில் ஒரு பெண் பிள்ளை பிறந்து, பதினான்கு வயதில் "அப்பா, எனக்கு ஷூட்டிங் பிடிச்சிருக்கு" என்று வந்து நின்றால் எப்படியிருக்கும்?

சுடப் போகிற பிள்ளை

பள்ளிக்கூடத்துச் சிநேகிதி ஒருத்தியோடு சாரணர் முகாமுக்குப் போனவள் அங்கே ஒரு நாள் துவக்கைப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். பெரிய துவக்கு இல்லை. 'டுவென்டி டூ' என்கிறார்கள். சுண்டு விரல் நுனியளவு குண்டு போடுகிற சின்ன ரைபிள். படுத்திருந்து கடதாசி அட்டையில் உள்ள வட்டத்துக்குச் சுட வேண்டும். முதல் நாளே இவள் சுட்டது எல்லாம் வட்டத்துக்குள் விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு பரதநாட்டியமும் போச்சு, வயலினும் போச்சு. சனிக்கிழமையானால் ரைபிள் கிளப்.

இதை உறவுக்காரருக்கு எப்படிச் சொல்லுவது? டூட்டிங்கில் இருக்கிற வதனியின் அக்கா ரெலிபோனில் கேட்டபோது, "பிள்ளை சனிக்கிழமையில சுடப் போறவள்" என்று வதனி உள்ளதைத்தான் சொன்னாள். அக்கா பூரித்துப் போனா. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அடுப்படிப் பக்கமே போகாமல் இருக்க, எங்கள் பிள்ளை சுடப் பழகுகிறாளாம். அடுத்த கிழமையே, வீட்டில் ஒரு பூசை இருக்கிறது, ஐம்பது உழுந்து வடை சுட்டுத் தருவாளோ என்று கேட்டா.

நாங்கள் திருத்தவில்லை. எனக்கு அந்தப் பிழை பெரிய நிம்மதி. வதனி விடியற்காலையில் எழும்பி வடை சுட்டாள், நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மகளுக்கு நல்ல கைப்பக்குவம் என்று அந்த அக்கா இன்றைக்கும் சொல்லித் திரிகிறா.

பயம்

எனக்கு ஏன் அது நிம்மதி என்று சொல்லிவிடுகிறேன்.

பாரிசில் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு லண்டனுக்கு வந்து சேர்ந்த காலத்தில், ஒரு சின்ன அறையில் வைத்து குடிவரவு அதிகாரிகள் என்னிடம் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டார்கள். நீ எப்போதாவது துவக்குத் தூக்கினாயா? இல்லை என்றேன். அது உண்மை. அடுத்த முறை வேறொருவர் வந்து அதையே கேட்டார். அதற்கும் இல்லை என்றேன். மூன்றாம் தரம் கேட்டபோது என் குரல் எனக்கே பொய்க்காரன் குரலாகக் கேட்டது. அன்றைக்கு மனதுக்குள் ஒரு முடிவெடுத்தேன். எங்கள் பெயருக்குப் பக்கத்தில் துவக்கு என்ற சொல் இனி எந்தக் காலத்திலும் வரக்கூடாது.

அந்தப் பெயரைத்தான் என் மகள் கிளப் வாசலில் எழுதிப்போட்டு உள்ளே போகிறாள்.

கிளப்பைப் போய்ப் பார்த்தேன், பார்க்காமல் விடுவேனா? பட்டறைகளுக்குப் பின்னால் நீளமான ஒரு செங்கல் கட்டடம். பயிற்சி கொடுப்பவ ஹெலன் என்ற வயதான வெள்ளைக்காரி, முந்தி பஸ் ஓட்டினவவாம். எனக்குத் தேநீர் தந்தா. நான் அதையும் கொஞ்ச நேரம் குடிக்காமல் வைத்திருந்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே என்னைவிடச் சந்தேகம் பிடித்த ஆட்களைக் கண்டேன். துவக்கை ஒருவர் வெறுமை என்று பார்த்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுத்தால், அவரும் திறந்து பார்க்கிறார். பக்கத்திலேயே நின்று பார்த்தவர் கையில் கொடுத்தாலும் அவரும் திறந்து பார்க்கிறார். பிறகு குண்டு போடுகிற ஓட்டைக்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குச்சியைச் செருகி வைக்கிறார்கள், வெறுமை என்று தூரத்திலிருந்தே தெரிவதற்கு. ஒருவரும் ஒருவரையும் நம்பவில்லை, ஒருவருக்கும் கோபமும் வரவில்லை. அடடா, என் ஆட்கள் என்று நினைத்தேன்.

நினைத்தாலும் பயம் போகவில்லை.

ஜப்பானோ?

அந்த மாரிகாலத்தில்தான் ஸ்கோப் பிரச்சினை வந்தது. ஆரணி சுடுகிற கிளப் ரைபிளில் இருந்த ஸ்கோப், இரவல் கொடுத்த ஆள் வேறு ஊருக்குப் போனதால் அவரோடு போய்விட்டது. ஹெலன் எங்களிடம் பட்டென்று சொன்னா. ஜூனியர் அணிக்கு ஒரு இடம் இருக்கிறது, அது ஆரணிக்குத்தான். ஆனால் ஸ்கோப் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குள் வராவிட்டால் அடுத்த பிள்ளைக்கு அந்த இடம் போகும்.

ஸ்கோப் வாங்க லைசென்ஸ் தேவையில்லை. யாரும் வாங்கலாம். யாரும் வாங்கலாம் என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

முதலில் ஊருக்கு வெளியே உள்ள ஒரு துவக்குக் கடைக்குப் போனோம். விற்பனைக்கு நின்ற பொடியன் எடுத்த எடுப்பில் என் முழங்கை நீளத்தில் ஒன்றைத் தூக்கி வைத்து, இது இருபத்து நான்கு மடங்கு பெரிதாக்கும் என்றான். விலை என் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்ட. நான் அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் தையல் மெசினோ மணிக்கூடோ றேடியோவோ எது வாங்கினாலும் கேட்பது ஒரே கேள்விதான். ஜப்பானோ? ஜப்பான் என்றால் வாங்கலாம். வேறு எந்த நாடானாலும் யோசிக்க வேண்டும்.

"ஜப்பானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பொடியன் விளங்காமல் முழித்தான்.

ஆரணி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, இது எங்களுக்குச் சரிவராது. நாங்கள் சுடுறது இருபத்தஞ்சு யார் தூரம். இவ்வளவு பெரிசாக்கினால் என்ர நெஞ்சு இடிக்கிறதே அதுக்குள்ள தெரியும். பாரமும் கூட. எனக்கு நாலு மடங்கிலையிருந்து ஒன்பது மடங்கு வரைக்கும் போதும்."

"ஆர் சொன்னது?"

"ஹெலன்."

"ஹெலனுக்கு இதிலை கொமிசன் இல்லையெண்டு உனக்குத் தெரியுமோ?"

"அப்பா, அவ வாங்க வேண்டாம் எண்டெல்லோ சொல்லுறா!"

குழாயைப் பொடியனிடமே திருப்பிக் கொடுத்தேன். வெளியே வந்துவிட்டோம்.

பிறகு இணையத்தில் மலிவாக ஒன்று வாங்கினோம். பெட்டி வந்ததும் நான்தான் பிரித்தேன். பெட்டியில் ஒரு பெயர், ஸ்கோப்பில் இன்னொரு பெயர். ஆரணி அதைப் புத்தகங்களுக்கு நடுவில் அசையாமல் இறுக்கி வைத்து, சுவரில் ஒட்டிய அட்டையைப் பார்த்தாள். தலையை மட்டும் கொஞ்சம் இடமும் வலமும் அசைத்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். நான் கண்ணை அசைக்க, உள்ளே இருக்கிற குறுக்குக் கோடும் அட்டையில் வழுக்கிக்கொண்டு போனது.

"இது தூரத்துக்குச் செய்தது, அப்பா. கிட்டச் சுடேக்கை கோடு ஓரிடத்திலை நிக்காது. முன்னுக்கு வளையம் இருக்கிறதா வாங்கினால் கிட்டத் தூரத்துக்குத் திருப்பி வைக்கலாம். கண்ணை அசைச்சாலும் கோடு அசையாது. அதுதான் வேணும்."

"நான் அப்பவே சொன்னன், டூப்ளிகேட் எண்டு."

"டூப்ளிகேட் இல்லை. எங்களுக்கு உரியது இல்லை."

திருப்பி அனுப்பினோம். மூன்றாவது ஒன்றைப் பூட்டுகிற பிடி எங்கள் ரைபிளின் மேலுள்ள ஒடுங்கிய பள்ளத்தில் பொருந்தாது என்று தெரிந்தது. அதையும் விட்டோம். ஒவ்வொன்றும் பிழைக்கப் பிழைக்க, வெளியில் நான் சலித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் எனக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டு வந்தது. மாதக் கடைசியும் கிட்டிக்கொண்டு வந்தது.

வதனிதான் போட்டு உடைத்தாள். கோப்பை கழுவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "இஞ்சேருங்கோ, நீங்கள் ஸ்கோப் தேடயில்லை. வாங்காமல் இருக்கத்தான் வழி தேடுறியள். அவள் சின்னப் பிள்ளையில்லை, அவளுக்கும் விளங்கும்."

"விசர்க்கதை கதையாதையும்" என்று எழும்பிப் போனேன். வேறென்ன சொல்லுவது?

சுவிஸ்காரர்

கடைசிக் கிழமையில் ஆரணி ஒரு விளம்பரத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். பாவித்த ஸ்கோப், சின்ன ரைபிளுக்குரியது, முன்னால் வளையம் உண்டு, எங்கள் பள்ளத்துக்குப் பொருந்துகிற பிடியும் உண்டு. விலையும் கைக்கு எட்டுகிற விலை. எல்லாம் சரி. விற்கிறவர் பெயரைப் பார்த்தேன். நேசன்.

விளம்பரத்தை இன்னொரு தரம் வாசித்தேன். ஒரு தமிழனிடம் எதற்கு ஸ்கோப்? அதுவும், பெயரைப் பார்த்தால், எங்கள் வயதுத் தமிழனிடம்?

ரெலிபோனில் கேட்டுத் துளைத்தேன். சுவிசில் கனகாலம் இருந்தவராம். அங்கே கிராமத்துக்குக் கிராமம் சுடுகிற கிளப் உண்டாம், வேலைத்தல நண்பர்களோடு போய்ப் பழகினாராம். லண்டனுக்குக் குடும்பத்தோடு வரும்போது துவக்கை வித்துப்போட்டு, ஸ்கோப்பை மட்டும் மனம் வராமல் கொண்டுவந்தாராம். எல்லாம் நம்பக்கூடிய மாதிரித்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உண்மை சொல்லுகிறவன் எங்கேயாவது ஒரு இடத்தில் தடுமாறுவான்.

அப்படித்தான் அந்தத் தூறல் பின்னேரம் அவருடைய கடையில் போய் நின்றோம். ஊரிலை எவடம் என்று அவர் கேட்டதும், இரண்டு பேரும் கோண்டாவிலில் போய் மாட்டிக்கொண்டதும் அப்போதுதான்.

"அப்பா," என்றாள் ஆரணி, கடை முழுக்கக் கேட்கிற குரலில், "நாங்கள் கொடிகாமம் எல்லோ?"

அட கோதாரி! எனக்குக் காது சுட்டது. நேசன் என்னைப் பார்த்தார். நான் துவாயைப் பார்த்தேன். பிறகு அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"நான் அளவெட்டி, அண்ணை" என்றார். "ரெலிபோனிலை நீங்கள் கேட்ட கேள்வியளுக்கு, ஆரோ விசாரிக்க வாறாங்கள் எண்டு நினைச்சன். ஏன் பொல்லாப்பு எண்டு கோண்டாவில்லை போய் இருந்திட்டன்."

"நானும் அப்பிடித்தான்" என்றேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கனகாலத்துக்குப் பிறகு வயிறு நோகச் சிரித்தேன். ஆரணி மட்டும் சிரிக்கவில்லை. "நீங்கள் ரெண்டு பேரும் பெரிய ஆக்கள். ஏன் பொய் சொல்லுறியள்?" என்று கேட்டாள். அவள் வளர்கிற இடத்தில் ஊர்ப் பெயரை யாரும் மறைப்பதில்லை.

நேசன் ஸ்கோப்பை அவள் கையில்தான் கொடுத்தார், என்னிடம் தரவில்லை. அவள் அதை வாங்கி, முதலில் கடையின் பின்சுவருக்குத் திரும்பிக்கொண்டு, அங்கே தொங்கிய சாமிப் படக் கலண்டரில் திகதி எழுத்தைப் பார்த்தாள். முன் வளையத்தைத் திருப்பினாள். தலையை இடமும் வலமும் அசைத்தாள். திரும்பத் திரும்ப அசைத்தாள்.

"அசையேல்லை அப்பா" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது, வாங்காமல் விட இனி எனக்குச் சாட்டு ஒன்றும் இல்லை என்று. நாளை மறுநாள் சனிக்கிழமை.

வாசலில்

ஆனாலும் விட்டேனா?

"கடைக்குள்ள லைற் வெளிச்சத்திலை ஒண்டும் சொல்ல ஏலாது" என்று ஸ்கோப்பை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"அப்பா, வெளியில வேண்டாம். ஆக்கள் நிக்கினம். ஆக்கள் நிக்கிற பக்கம் பாக்கக் கூடாது."

"இதென்ன துவக்கோ பிள்ளை? குழாய்தானே."

"குழாயெண்டாலும் கூடாது, அப்பா."

நான் கேட்கவில்லை. கதவு நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு கண்ணில் வைத்தேன். முதலில் எதிர்க் கடையின் பெயர்ப் பலகை. எழுத்து எழுத்தாகத் துலக்கமாகத் தெரிந்தது. கீழே இறக்கினேன். மாம்பழப் பெட்டி தெரிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். பஸ் தரிப்பில் சனம் நின்றது. தொப்பி போட்ட ஒரு பொடியன், தள்ளுவண்டிலோடு ஒரு தாய். வேலைப் பழக்கம் விடுமா? ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போனேன். குறுக்குக் கோடு அவர்கள் மேல் அசையாமல் நின்றது. நல்ல சாமான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தப் பெண்மணி வட்டத்துக்குள் வந்தா. என் வயதுதான் இருக்கும். சேலைக்கு மேல் தடித்த குளிர்ச்சட்டை, இரண்டு கையிலும் சாமான் பை. பஸ் வருகிறதா என்று பார்க்கத் திரும்பினவ, நேரே என்னைக் கண்டுவிட்டா.

அவ ஓடவில்லை, கத்தவுமில்லை. அப்படியே நின்றா. பிறகு குனிந்து, மெல்ல, மிக மெல்ல, இரண்டு பைகளையும் ஈர நிலத்தில் வைத்தா. நிமிர்ந்து, கைகள் இரண்டையும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி, உள்ளங்கைகளை என் பக்கம் திருப்பினா. தலையைக் குனிந்துகொண்டா. சனம் அவவைச் சுற்றிக்கொண்டு போனது.

லண்டன்காரர் யாருக்கும் அது என்னவென்று தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் வீதிக்கு வீதி ஆமியின் சென்றி என்ற காவல் சாவடி இருந்த காலத்தில், சைக்கிளில் போனால் இறங்கி உருட்ட வேண்டும். தொப்பியைக் கழற்ற வேண்டும். மண்மூட்டைக்கு மேலே கறுப்பாக ஒரு குழாய் உன் பக்கம் திரும்பினால், கையில் இருப்பதை நிலத்தில் வைத்து, கையில் ஒன்றும் இல்லை என்று விரித்துக் காட்ட வேண்டும். குழாய்க்குப் பின்னால் இருக்கிறவனின் முகத்தைப் பார்க்கக் கூடாது. ஓடவே கூடாது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துப் பழகினோம். பள்ளிக்கூடப் பையை நிலத்தில் வைத்துவிட்டு நானும் அப்படி நின்றிருக்கிறேன். போ என்று தலையசைக்கும் வரைக்கும் மூச்சு விடாமல் நின்றிருக்கிறேன்.

அந்த மனுசி எனக்காக நின்றுகொண்டிருந்தா. நான் போகச் சொல்லும் வரைக்கும்.

ஸ்கோப்பைக் கண்ணிலிருந்து எடுக்க வேண்டும் என்று தெரிகிறது, கை கேட்கவில்லை. பஸ் ஒன்று ஹோர்ண் அடித்தது. அவ திடுக்கிட்டு நிமிர்ந்து, இரண்டு பக்கமும் பார்த்து, எங்கே நிற்கிறா என்று அப்போதுதான் உணர்ந்தா. பைகளைப் பறித்தெடுத்துக்கொண்டு, பஸ்ஸில் ஏறாமல், பக்கத்துத் தெருவுக்குள் விறுவிறு என்று போய்விட்டா.

ஆரணி என்னைத் தாண்டி வீதிக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் நனைந்துகொண்டு திரும்பி வந்தாள். "போயிட்டா. மன்னிப்புக் கேக்கக்கூட ஏலாமப் போச்சு."

நேசன் எப்போது என் பக்கத்தில் வந்து நின்றார் என்று தெரியாது. அவரும் பார்த்திருக்கிறார். ஸ்கோப்பை என் கையிலிருந்து மெல்ல எடுத்தார். "உள்ளை வாங்கோ அண்ணை" என்றார். வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது.

"அவ ஏன் அப்பிடிக் கையைக் காட்டினவ?" என்று ஆரணி கேட்டாள். நேசன் ஸ்கோப்பைத் துவாயில் சுற்றிப் பெட்டியில் வைத்து அவளிடம் நீட்டினார். நான் பேரம் பேசவில்லை. அது எந்த நாடு என்று கவிழ்த்துப் பார்க்கவுமில்லை.

ரயிலில்

வீடு போய்ச் சேரும் வரைக்கும் லண்டனைக் குறுக்கே கடக்க வேண்டும். ரயிலில் இடம் கிடைத்தது. ஆரணி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். இரண்டு மூன்று ஸ்டேசன் போயிருக்கும்.

"சொல்லுங்கோ அப்பா."

சொன்னேன். இவ்வளவு காலமும் அவளுக்குச் சொல்லாததைச் சொன்னேன். சென்றியைச் சொன்னேன், சைக்கிளைச் சொன்னேன், மண்மூட்டையைச் சொன்னேன். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். முன்னால் இருந்தவர்கள் பார்க்கிறார்களோ என்றுகூட யோசிக்கவில்லை.

"உங்களையும் அப்பிடிப் பாத்தவங்களோ?"

"ஓம்."

"என்னளவிலயோ?"

"உன்னளவிலைதான்."

அவள் பெட்டியை மடியிலிருந்து எடுத்துக் கீழே, காலடியில் வைத்தாள். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நான் விடட்டோ அப்பா?"

"எதை?"

"ஷூட்டிங்கை. உங்களுக்கு விருப்பமில்லையெண்டு எனக்கு முந்தியே தெரியும். விடுறன். ஹெலனுக்கு நானே சொல்லுறன்."

இத்தனை கிழமையாக நான் எதற்காக மினைக்கெட்டேனோ, அது தானாக வந்து மடியில் விழுந்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சண்டையில்லை, கண்ணீர் இல்லை, எங்கள் பெயருக்குப் பக்கத்தில் இனித் துவக்கும் இல்லை. ஓம் என்ற சொல் என் வாய்க்குள் வந்தும் விட்டது.

சொல்ல முதல் அவளைத் திரும்பிப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். கைகள் இரண்டும் மடியில் கிடந்தன, வெறுமையாக, உள்ளங்கை மேலே தெரிய. என் பதிலுக்காக அப்படியே அசையாமல் இருந்தாள்.

குனிந்து, காலடியில் இருந்த பெட்டியை எடுத்து அந்தக் கைகளுக்குள் வைத்தேன்.

"சனிக்கிழமை எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணும்?" என்று கேட்டேன்.